சந்தேகத்தின் நிழலில் பிறந்த பிரதம நீதியரசர்: மான்ஸ்பீல்ட் பிரபுவும் அவரது குடும்பமும்

சட்டம் யாரைப் பாதுகாப்பதற்காக இருக்கிறது என்ற வினா, ஆளும் தரப்பைச் சார்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் எழுவதில்லை. எண்ணிக்கையில் சிறியவர்களாக, வேறொரு மதத்தையோ மொழியையோ சார்ந்தவர்களாக, அரசினால் ஐயத்துடன் நோக்கப்படுபவர்களாக வாழ்வோருக்கே அவ்வினா நாளாந்த வாழ்வின் வினாவாகிறது. அத்தகையோருக்கு நீதிமன்றம் எதைக் கொடுக்கக்கூடும், எதைக் கொடுக்கத் தவறும் என்பதைக் காட்டும் ஒரு வாழ்க்கை வரலாற்றை இங்கு நோக்க விரும்புகிறோம். அது 18 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்கொட்லாந்துப் பிரபுவும் இங்கிலாந்தின் பிரதம நீதியரசருமான வில்லியம் மரேயின் வரலாறாகும். மான்ஸ்பீல்ட் பிரபு என்ற பெயரால் உலகம் அவரை அறியும்.

வில்லியம் மரே 1705 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் திகதி, பேர்த் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்கூன் மாளிகையில் பிறந்தார். ஸ்கொட்லாந்து மன்னர்கள் முடிசூடிய தொன்மையான இடம் அது. ஸ்ரோமொன்ட் என்னும் பட்டத்தைக் கொண்ட ஐந்தாவது பிரபுவான டேவிட் மரே அவரது தந்தை. மார்ஜரி ஸ்கொட் அவரது தாய். பெயரும் பெருமையும் இருந்த அளவுக்கு அக்குடும்பத்திடம் பணம் இருக்கவில்லை. பிள்ளைகளோ பலர். நான்காவது மகனான வில்லியமுக்குப் பட்டமோ காணியோ கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவாகவே இருந்தது.

அவர் பிறந்து இரண்டு ஆண்டுகளில், 1707 இல், ஸ்கொட்லாந்தின் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு அந்நாடு இங்கிலாந்துடன் இணைக்கப்பட்டது. நாடு கடத்தப்பட்டிருந்த ஸ்ருவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணையில் அமர்த்த வேண்டுமென விரும்பியோர் ஜக்கொபைட்டுகள் என அழைக்கப்பட்டனர். மரே குடும்பத்தின் அனுதாபம் அவர்கள் பக்கமே இருந்தது. 1715 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் இறுதிக் கட்டத்தில், அரியணைக்கு உரிமை கோரிய ஜேம்ஸ் ஸ்ருவர்ட், ஸ்கூன் மாளிகையிலேயே தங்கி முடிசூடும் ஏற்பாடுகளைச் செய்தார். அப்போது வில்லியமுக்கு வயது பத்து. கிளர்ச்சி தோற்றது. வில்லியமின் மூத்த சகோதரர்களில் ஒருவரான ஜேம்ஸ் மரே தாயகத்தை விட்டு நீங்கி, நாடு கடந்த ஸ்ருவர்ட் அரசவையில் சேர்ந்தார். அங்கு டன்பார் பிரபு என்ற பட்டத்தைப் பெற்று, இளவரசர் சார்ள்ஸ் எட்வர்டின் கல்விக்கும் வளர்ப்புக்கும் பொறுப்பானவராக விளங்கினார். சகோதரிகளில் ஒருவரான மார்ஜரியும் தம் கணவர் ஜோன் ஹேயுடன் அதே அரசவையில் வாழ்ந்தார்.

ஒரே வீட்டில் பிறந்தவர்களில் சிலர் அரசின் எதிரிகளாகப் புலம்பெயர்ந்து வாழ, இன்னொருவர் அதே அரசின் தலைநகரில் தமது எதிர்காலத்தைத் தேடினார். 1718 இல், பதின்மூன்று வயதுச் சிறுவனாக, ஒரு மட்டக் குதிரையில் ஏறி வில்லியம் லண்டனுக்குப் புறப்பட்டார். பயணம் பல வாரங்கள் நீடித்தது. அதன்பின் அவர் தமது பெற்றோரையோ ஸ்கொட்லாந்து மண்ணையோ மீண்டும் காணவில்லை என்பது வரலாற்றாசிரியர்களின் கூற்று. வெஸ்ட்மினிஸ்டர் பாடசாலையிலும் பின்னர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியிலும் கற்றார். ஒக்ஸ்போர்டில் அவரது பிறந்த இடத்தைப் பதிவு செய்த எழுத்தர், அவரது உச்சரிப்பை விளங்கிக்கொள்ளாமல் பேர்த் என்பதைப் பாத் என எழுதிவிட்டார் என்ற செய்தி பரவலாகக் கூறப்படுகிறது.

நண்பர் குடும்பமொன்றின் பண உதவியுடன் சட்டம் பயின்ற மரே, 1730 இல் லிங்கன்ஸ் இன் சட்டக் கழகத்தின் மூலம் சட்டத்தரணியானார். ஸ்கொட்லாந்திலிருந்து பிரபுக்கள் சபைக்கு வந்த மேன்முறையீடுகளே அவருக்கு முதலில் புகழ் தேடித் தந்தன. கவிஞர் அலெக்சாண்டர் போப் அவரது நெருங்கிய நண்பரானார். 1738 இல், நொட்டிங்ஹாம் பிரபுவின் மகளான எலிசபெத் பின்ச் சீமாட்டியை மரே திருமணம் செய்தார். செல்வாக்கு மிக்க ஆங்கிலேயக் குடும்பமொன்றுடன் ஏற்பட்ட இப்பிணைப்பு அவரது உயர்வுக்குத் துணைநின்றது. இத்தம்பதியருக்குப் பிள்ளைகள் இருக்கவில்லை.

1742 இல் மரே மன்றாடியார் நாயகமாக நியமிக்கப்பட்டு நாடாளுமன்ற உறுப்பினருமானார். 1744 இல் அவர் வாதாடிய ஒரு வழக்கு எமது வாசகர்களின் கவனத்துக்குரியது. கல்கத்தாவின் இந்து வர்த்தகர் ஒருவர், தமக்கு வரவேண்டிய பணத்துக்காக ஆங்கிலேயர் ஒருவருக்கு எதிராக லண்டனில் வழக்குத் தொடர்ந்திருந்தார். ஓமிசந்த் வழக்கு என அது அறியப்படுகிறது. பைபிள் மீது சத்தியம் செய்ய இயலாத இந்துக்களின் சாட்சியத்தை ஆங்கில நீதிமன்றம் ஏற்கலாமா என்ற பிரச்சினை எழுந்தது. வர்த்தகரின் சார்பில் தோன்றிய மரே, காலத்தின் தேவைகளுக்கேற்பச் சட்டம் தன்னைத் தானே தூய்மைப்படுத்திக்கொள்ளும் இயல்புடையது என்ற கருத்தில் வாதிட்டார். கடவுள் நம்பிக்கையுடைய ஒருவர் தமது மத வழக்கப்படி சத்தியம் செய்து சாட்சியமளிக்கலாம் என நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கிறிஸ்தவர் அல்லாதோரின் சொல்லுக்கும் மன்றில் பெறுமதியுண்டு என்பதை நிலைநாட்டிய முக்கிய தீர்ப்பு இது.

மறு ஆண்டே அவருக்குக் கடும் சோதனை வந்தது. 1745 இல், அவரது தமையனால் வளர்க்கப்பட்ட அதே இளவரசர் சார்ள்ஸ் ஸ்கொட்லாந்தில் இறங்கிக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். 1746 ஏப்ரலில் கலோடன் போர்க்களத்தில் அக்கிளர்ச்சி நசுக்கப்பட்டது. பிடிபட்டோர் மீது வழக்குத் தொடரும் கடமை அரச சட்டத்தரணிகளுக்குரியதாயிற்று. மரே அவர்களுள் ஒருவர். 1747 இல் முதியவரான லோவற் பிரபுவுக்கு எதிராக அவரே வாதங்களை முன்வைத்தார். மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த லோவற், தம்மைக் குற்றஞ்சாட்டியவரின் நாவன்மையை மன்றிலேயே பாராட்டினார்.

இத்தனைக்குப் பின்னரும் ஐயம் தீர்ந்தபாடில்லை. சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்னர், இளைஞராக இருந்தபோது, விருந்தொன்றில் நாடு கடத்தப்பட்ட ஸ்ருவர்ட்டின் நலம் வேண்டி மது அருந்தினார் என 1753 இல் அவர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அமைச்சரவை விசாரணை நடத்தி அவரை விடுவித்தது. அரசின் உயர் சட்டப் பதவியில் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருந்த ஒருவர், பிறந்த குடும்பத்தின் காரணமாகத் தமது விசுவாசத்தை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1754 இல் சட்டமா அதிபராகவும், 1756 நவம்பரில் பிரதம நீதியரசராகவும் மான்ஸ்பீல்ட் பிரபுவாகவும் உயர்ந்த பின்னரும், எதிரிகள் அவரை ஸ்கொட்லாந்தர் என்றும் மறைமுக ஜக்கொபைட் என்றும் இகழ்வதை நிறுத்தவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் அப்பதவியை வகித்தார். இழுபட்டுச் சென்ற வழக்குகளை விரைவுபடுத்தினார். லண்டன் வர்த்தகர்களை ஜூரிகளாக அமர்த்தி, அவர்களது வழமைகளைக் கேட்டறிந்து, வணிகச் சட்டத்தை ஒழுங்கான முறைமையாக்கினார். காப்புறுதி ஒப்பந்தத்தில் இரு தரப்பினரும் முழு நேர்மையுடன் உண்மைகளை வெளிப்படுத்த வேண்டும் என்ற விதி, 1766 இல் அவர் அளித்த கார்ட்டர் எதிர் போம் தீர்ப்பினால் வேரூன்றியது. இங்கிலாந்துச் சட்டம் பரவிய நாடுகளிலெல்லாம் அதன் தாக்கம் உண்டு.

மதச் சிறுபான்மையினர் தொடர்பான அவரது அணுகுமுறை அக்காலத்தில் அரிதானது. திருப்பலி நிறைவேற்றும் கத்தோலிக்கக் குருவைக் காட்டிக்கொடுத்துத் தண்டனை பெறச் செய்பவருக்கு 100 பவுண் சன்மானம் வழங்கும் சட்டமொன்று அப்போது நடைமுறையில் இருந்தது. குற்றவாளியாகக் காணப்படும் குருவுக்கு ஆயுட்காலச் சிறை. அச்சட்டத்தை நீக்கும் அதிகாரம் மான்ஸ்பீல்டிடம் இல்லை. ஆயினும் குற்றஞ்சாட்டப்பட்டவர் முறைப்படி குருத்துவப் பட்டம் பெற்றவர் என்பதை ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்குமாறு அவர் கோரினார். சன்மானத்துக்காக வந்தோரால் அதை நிரூபிக்க இயலவில்லை. 1767 இல், அரச திருச்சபையைச் சாராத புரட்டஸ்தாந்தியர்களை வேண்டுமென்றே பதவிகளுக்குத் தெரிவு செய்து, மனச்சாட்சி காரணமாக அவர்கள் மறுத்தபோது தண்டம் அறவிட்டு வந்த லண்டன் மாநகர சபையின் செயலையும் அவர் பிரபுக்கள் சபையில் கண்டித்தார். வேறு விதமாக வழிபடுவது சட்டத்தின் பார்வையில் குற்றமல்ல என்பது அவரது நிலைப்பாடு.

இதற்கான விலையை அவர் செலுத்த நேர்ந்தது. 1778 இல் கத்தோலிக்கருக்குச் சில சலுகைகளை வழங்கும் சட்டம் நிறைவேறியது. அதை எதிர்த்து, மற்றொரு ஸ்கொட்லாந்துப் பிரபு குடும்பத்தவரான ஜோர்ஜ் கோர்டனின் தலைமையில் 1780 ஜூன் 2 ஆம் திகதி பல்லாயிரக்கணக்கானோர் நாடாளுமன்றத்தை முற்றுகையிட்டனர். ஊர்வலம் கலவரமாக மாறியது. கத்தோலிக்க ஆலயங்களும் வீடுகளும் சிறைச்சாலைகளும் தீக்கிரையாகின. ஜூன் 6 ஆம் திகதி இரவு புளூம்ஸ்பரி சதுக்கத்திலிருந்த மான்ஸ்பீல்டின் வீட்டைக் கும்பல் சூழ்ந்தது. எழுபத்தைந்து வயதான நீதியரசரும் மனைவியும் பின்வாசலால் தப்பிச் சென்றனர். ஐம்பது ஆண்டுகளாகச் சேர்த்த நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் வழக்குக் குறிப்புகளும் வீதியில் குவிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. நூலகமொன்று எரிவதன் பொருளை அறிந்த எமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

எட்டு மாதங்களின் பின், 1781 பெப்ரவரியில், கோர்டன் இராஜத்துரோகக் குற்றச்சாட்டின் பேரில் மான்ஸ்பீல்டின் முன்னிலையிலேயே நிறுத்தப்பட்டார். ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் எனக் கண்டனர், கோர்டன் விடுதலையானார். அழிந்த உடைமைகளுக்கு இழப்பீடு பெறவும் மான்ஸ்பீல்ட் மறுத்துவிட்டார்.

அவரது பெயரை உலகெங்கும் எடுத்துச் சென்ற வழக்கு அடிமை முறை பற்றியது. ஜேம்ஸ் சோமர்செட் என்ற ஆபிரிக்க அடிமையை, சார்ள்ஸ் ஸ்ருவர்ட் என்ற சுங்க அதிகாரி 1769 இல் அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கு அழைத்து வந்திருந்தார். 1771 இல் சோமர்செட் தப்பியோடினார். நவம்பரில் பிடிக்கப்பட்ட அவர், ஜமேக்காவில் விற்கப்படுவதற்காகக் கப்பலொன்றில் விலங்கிடப்பட்டார். அவருக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானப் பெற்றோராக நின்றவர்கள் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தனர். அடிமைகளின் விடுதலைக்காக உழைத்த கிரான்வில் ஷார்ப் பின்னணியில் நின்றார்.

மான்ஸ்பீல்ட் இவ்வழக்கைத் தீர்க்க ஆவல் கொண்டவராகத் தோன்றவில்லை. இங்கிலாந்தில் பதினான்காயிரம் அல்லது பதினையாயிரம் அடிமைகள் இருப்பதாகக் கருதப்பட்டது. அவர்கள் ஒரே நாளில் விடுதலையாவதால் உடைமையாளர்களுக்கு ஏற்படும் நட்டத்தை அவர் சுட்டிக்காட்டினார். சோமர்செட்டை விடுவித்து வழக்கை முடித்துக்கொள்ளுமாறு உரிமையாளருக்கு ஆலோசனையும் கூறினார். எவரும் இணங்கவில்லை. 1772 ஜூன் 22 ஆம் திகதி அவர் தீர்ப்பளித்தார். அடிமை முறை மிகவும் வெறுக்கத்தக்கது. வெளிப்படையாக இயற்றப்பட்ட சட்டமொன்றே அதைத் தாங்கி நிற்க முடியும். இங்கிலாந்தில் அத்தகைய சட்டம் இல்லை. எனவே இம்மனிதர் விடுவிக்கப்பட வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். மன்றிலிருந்த கறுப்பின மக்கள் நீதிபதிகளுக்குத் தலைவணங்கித் தமக்குள் கைகுலுக்கிக்கொண்டனர்.

இத்தீர்ப்பு வழங்கப்பட்ட காலத்தில் மான்ஸ்பீல்டின் கென்வூட் இல்லத்தில் பதினொரு வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி வளர்ந்து வந்தாள். அவள் பெயர் டைடோ எலிசபெத் பெல். மான்ஸ்பீல்டின் சகோதரி மகனான கடற்படை அதிகாரி சேர் ஜோன் லின்ட்சேக்கும் மரியா பெல் என்ற ஆபிரிக்க அடிமைப் பெண்ணுக்கும் 1761 இல் பிறந்தவள். இந்த லின்ட்சே, 1770 இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் தூதுவராகச் சென்னைக்கு வந்து ஆற்காடு நவாப் முகமது அலியின் அவையில் கடமையாற்றியவர் என்பது தமிழ் வாசகர்கள் அறியவேண்டிய செய்தி.

பிள்ளைகளற்ற மான்ஸ்பீல்ட் தம்பதியர் டைடோவைத் தாயை இழந்த மற்றொரு பேத்தி முறையான எலிசபெத் மரேயுடன் சேர்த்து வளர்த்தனர். டைடோ கல்வி கற்றாள். பாற்பண்ணையையும் கோழிப் பண்ணையையும் மேற்பார்வை செய்தாள். முதுமையில் நீதியரசருக்காகக் கடிதங்களும் எழுதினாள். ஆனால் சமத்துவம் முழுமையானதாக இருக்கவில்லை. 1779 இல் அங்கு விருந்துக்குச் சென்ற, மசசூசெற்ஸின் முன்னாள் ஆளுநர் தோமஸ் ஹச்சின்சன், உணவு முடிந்த பின்னரே டைடோ வந்து சீமாட்டிகளுடன் அமர்ந்ததைத் தமது நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். இரு பெண்களையும் ஒன்றாகக் காட்டும் ஓவியமொன்று இன்றும் ஸ்கூன் மாளிகையில் உள்ளது. டேவிட் மார்ட்டின் என்ற ஸ்கொட்லாந்து ஓவியர் வரைந்ததாக அது இப்போது கருதப்படுகிறது. 2013 இல் வெளிவந்த பெல் என்ற ஆங்கிலத் திரைப்படம் இவ்வரலாற்றைத் தழுவியது.

டைடோ மீதான அன்பே சோமர்செட் தீர்ப்புக்குக் காரணம் எனச் சிலர் அக்காலத்திலேயே குறை கூறினர். அவரது பிற்காலத் தீர்ப்புகள் அவ்வளவு எளிதான முடிவுக்கு இடமளிப்பதில்லை. 1781 இல் சொங் என்ற கப்பலிலிருந்து நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட ஆபிரிக்கர்கள் உயிருடன் கடலில் வீசப்பட்டனர். குடிநீர் போதவில்லை எனக் காரணம் கூறிய கப்பலின் உரிமையாளர்கள், இறந்த ஒவ்வொருவருக்கும் 30 பவுண் வீதம் காப்புறுதிப் பணம் கோரினர். 1783 மார்ச்சில் ஜூரிகள் உரிமையாளர்களுக்குச் சார்பாக முடிவு செய்தனர். மழை பெய்து நீர் கிடைத்திருந்தமை தெரியவந்ததும் மான்ஸ்பீல்ட் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். ஆனால் வழக்கு காப்புறுதி வழக்காகவே நடந்தது. ஜூரிகள் இதைக் குதிரைகள் கடலில் வீசப்பட்டது போலவே நோக்கினர் என அவரே அதிர்ச்சியுடன் சுட்டிக்காட்டிய போதிலும், கொலைக்காக எவரும் நீதியின் முன் நிறுத்தப்படவில்லை. 1785 இல், சோமர்செட் தீர்ப்பு ஓர் அடிமையைப் பலவந்தமாக நாட்டைவிட்டுக் கொண்டுசெல்ல முடியாது என்பதற்கு அப்பால் எதையும் கூறவில்லை என அவரே அதைச் சுருக்கிப் பொருள் கொண்டார்.

பத்திரிகைச் சுதந்திரத்திலும் அவர் தாராளமாக நடந்துகொள்ளவில்லை. அரசநிந்தனை வழக்குகளில் கட்டுரை வெளியிடப்பட்டதா என்பதை மட்டுமே ஜூரிகள் தீர்மானிக்கலாம், அது குற்றமா என்பதை நீதிபதியே தீர்மானிப்பார் என்றார். 1792 இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமியற்றி அந்நிலையை மாற்றியது. அமெரிக்கக் குடியேற்றங்களின் போராட்டத்தையும் அவர் கடுமையாக எதிர்த்தார்.

மான்ஸ்பீல்ட் இலங்கையைக் கண்டதில்லை. ஆயினும் 1774 இல் அவர் வழங்கிய கேம்பல் எதிர் ஹோல் தீர்ப்பு எமது சட்ட வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. பிரான்சிடமிருந்து கைப்பற்றப்பட்ட கிரனடாத் தீவில் மன்னர் விதித்த வரி பற்றிய வழக்கு அது. வெற்றிகொள்ளப்பட்ட நாட்டின் சட்டங்கள், வென்றவர் மாற்றும்வரை தொடர்ந்து செல்லும் என்ற கோட்பாட்டை மான்ஸ்பீல்ட் அதில் தெளிவாக வகுத்தார். கிறிஸ்தவரல்லாத மக்களின் சட்டங்கள் வெற்றியுடன் தாமாகவே அழிந்துவிடும் என்ற பழைய கருத்தை, சிலுவைப் போர்க் காலத்து வெறியின் எச்சமாகக் கண்டு ஒதுக்கினார். டச்சுக்காரர் வசமிருந்த கரையோரப் பகுதிகளை 1796 இல் கைப்பற்றிய பிரித்தானியர், 1799 செப்டெம்பர் 23 ஆம் திகதிய பிரகடனத்தின் மூலம் முன்னைய சட்டங்கள் தொடரும் என அறிவித்தது இக்கோட்பாட்டுக்கு இசைவானதே. 1806 இல் தேசவழமைக்குச் சட்ட வலு அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் முஸ்லிம்களின் விவாக, வாரிசுரிமைச் சட்டத் தொகுப்பும் ஏற்கப்பட்டது.

ஆனால் இக்கொடைக்கு மறுபக்கமும் உண்டு. தேசவழமையில் அடிமைகள் பற்றிய பகுதியும் இருந்தது. சட்டத்தின் ஆதாரமின்றி அடிமை முறை நிற்காது என்பது மான்ஸ்பீல்டின் ஒரு தீர்ப்பு. பழைய சட்டம் மாற்றப்படும்வரை நிற்கும் என்பது அவரது மற்றொரு தீர்ப்பு. இரண்டும் சந்தித்த இடத்தில், லண்டனில் சோமர்செட்டுக்குக் கிடைத்த விடுதலை யாழ்ப்பாணத்து அடிமைக்குக் கிடைக்கவில்லை. 1833 இல் பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழித்த சட்டமும் இலங்கையை விலக்கியே வைத்தது. 1844 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இங்கு அதை முற்றாக ஒழித்தது. எமது வழமைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது, அவ்வழமைகளுக்குள் அடங்கிக் கிடந்தோரின் பாதுகாப்பையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பதை இது நினைவூட்டுகிறது.

1776 இல் ஏர்ள் பட்டம் பெற்ற மான்ஸ்பீல்ட், 1784 இல் மனைவியை இழந்தார். 1788 இல் பதவி துறந்து, 1793 மார்ச் 20 ஆம் திகதி எண்பத்தெட்டாவது வயதில் கென்வூட்டில் காலமானார். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பட்டம் அவரது தமையன் மகனான டேவிட் மரேயைச் சென்றடைந்தது. தமது இறுதி விருப்பாவணத்தில் டைடோவுக்கு 500 பவுண்களையும் ஆண்டுதோறும் 100 பவுண்களையும் ஒதுக்கிய அவர், அவள் சுதந்திரமானவள் என்பதையும் எழுத்தில் உறுதிப்படுத்தியிருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஜோன் டேவினியர் என்பவரைத் திருமணம் செய்த டைடோ, மூன்று ஆண் பிள்ளைகளுக்குத் தாயாகி, 1804 இல் மறைந்தார். மகன்களில் ஒருவரான சார்ள்ஸ் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் அதிகாரியாகப் பணியாற்றினார்.

இங்கிலாந்தில் அடிமை முறைக்குச் சட்ட ஆதாரம் இல்லை எனத் தீர்ப்பளித்த நீதியரசரே, தம் வீட்டில் வளர்ந்த பெண்ணின் சுதந்திரத்துக்குத் தமது தீர்ப்பு போதாது எனக் கருதித் தனியே எழுதி ஒப்பமிட்டார். நல்ல நீதிபதி ஒருவரின் துணிவு ஒரு மனிதரைக் கப்பலின் விலங்கிலிருந்து மீட்க வல்லது. ஆயினும் அவர் சுருக்கிக் கூறினால் சுருங்கிவிடும் உரிமை நிலையான உரிமையாகாது. அதை எழுத்தில் உறுதியாகப் பொறிக்கும் கடமை சட்டமியற்றும் சபைகளுக்கும், அவற்றைத் தெரிவு செய்யும் மக்களுக்கும் உரியது. மான்ஸ்பீல்டின் வாழ்விலிருந்து சிறுபான்மையினர் பெறவேண்டிய படிப்பினை இதுவே என நாம் கருதுகிறோம்.